சேற்றுக் காலோடு ஏறுங்கள்

சந்தனம் அண்ணனின் மனைவி ராசம்மா அக்கா தொலைபேசியில் பேசினால் முதலில் என் மனைவியின் முழங்கால் வலியை விசாரிப்பார். பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அன்று காலை அவர் எதையும் விசாரிக்கவில்லை. "நானா, அவரு போயிட்டாருங்க. பஸ்ஸு மிதிபலகையிலதான் உக்காந்திருந்தாரு. தேத்தண்ணியக் குடுத்துட்டுத் திரும்புறேன், கோப்பை விழுந்த சத்தம் கேக்குது" என்றார். பதுளைக் கடைத்தெருவில் நான் வாகனங்களுக்கு இருக்கை தைக்கிறவன்; முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லோருக்கும் 'நானா'. அந்த நேரம் என் தையல் இயந்திரத்தில் இருந்ததும் அவருடைய பஸ்ஸுக்கான கடைசித் திண்டு உறைதான். ஊசியைத் தூக்கிவிட்டுக் கடையை மூடினேன்.

சந்தனம் அண்ணனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பதுளைப் பள்ளிக்கூடங்களுக்கு வந்து படித்தவர்களில் பாதிப் பேர் அவருடைய பஸ்ஸில் ஏறி இறங்கியவர்கள்தான். இன்று கொழும்பிலும் கட்டாரிலும் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு, கீழ் முடக்கில் அவர் அடிக்கும் ஹோர்ன் சத்தம் இன்னும் காதில் இருக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பாதிப் பேர் தலை சீவியிருப்பீர்கள்.

மரண வீட்டில் உங்களில் சிலர் சண்டை பிடித்துக்கொண்டீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. மூத்தவர்கள் ஒரு கட்சி. "அந்த மனுசன் சேறுன்னா அடிக்க வருவாரு. 'இது பஸ்ஸு, மாட்டுப்பட்டி இல்ல, சப்பாத்தக் கழுவிட்டு வா'ன்னு ஏறின புள்ளயத் திருப்பி அனுப்புவாரு" என்றார்கள். இளையவர்கள் எதிர்க்கட்சி. "எங்கள ஒரு வார்த்தை சொன்னதில்லயே, சேத்தோட சீட்டுல ஏறி நின்னாலும் பேசாம ஓட்டுவாரு" என்றார்கள். ஆளுக்கு ஆள் சத்தியம் செய்தீர்கள். இரண்டும் உண்மை. இடையில் ஒரு மழைக்காலம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மழையில் மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த சரிவு காலையிலேயே இறங்கியது. லயத்தின் கோடியிலிருந்த இரண்டு வீடுகளும் பீலியும் மண்ணுக்குள் போயின. மலை ஊற்றைக் குழாயில் இறக்கி விட்டிருப்பார்களே, அதுதான் பீலி. அந்த லயத்துக்கே குளிக்கவும் துவைக்கவும் வேறு தண்ணீர் கிடையாது. கோடி வீட்டுக்காரர்கள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்ததால் தப்பினார்கள். பீலியடியில் தர்ஷினி நின்றிருந்தாள். வெள்ளைச் சீருடை போட்ட, அதே லயத்தில் இருக்கும் யோகம்மாவின் ஒரே மகள். செய்தி கடைத்தெருவுக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைக்குப் பீலியடியில் என்ன வேலை என்று நாங்கள் எல்லோரும் கேட்டோம். சந்தனம் அண்ணன் கேட்கவில்லை.

பஸ் கிழடாகும்வரை அவர் ஓட்டினார். பிறகு ஒரு நாள் அதை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "நானா, இத வீடாக்கித் தரணும்" என்றார்.

"என்னண்ணே, ராசம்மாக்கா வெரட்டிட்டாங்களா?"

"சும்மா இருங்க நானா. எல்ல ஊரு பக்கம் வெள்ளக்காரனுங்க வச்சிருக்கானுங்களே, உள்ளயே படுக்கை, உள்ளயே அடுப்பு. அந்த மாதிரி. எங்க வேணும்னாலும் ஓட்டிக்கிட்டுப் போயி நிப்பாட்டிப் படுத்துக்கலாம்."

கடைத்தெருவே சிரித்தது. இருந்த வண்டியையும் கெடுக்கப் போகிறான் என்றார்கள். நானும் சிரித்தேன், ஆனால் வேலையை விடவில்லை. அப்படி ஒரு வேலை எனக்கும் கையில் வந்ததில்லை. இருக்கைகளைக் கழற்றினோம். அவற்றின் இரும்புச் சட்டங்களையே வெட்டி ஒட்டிக் கட்டில் செய்தோம். பின்பக்கம் ஒரு காஸ் அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தாங்கி, ஜன்னலுக்கு ராசம்மா அக்காவின் பழைய சேலையில் திரை. பலகை ஏன் வளைகிறது, கதவு ஏன் மூடவில்லை என்று நாள் முழுக்க என்னோடு மல்லுக்கு நிற்பார். மத்தியானம் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிடுவோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு வேலை செய்ததில்லை.

ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. தரைக்கு நல்ல விரிப்பு ஒட்டி முடித்த அன்று, வீட்டுக்குள் போகிற மாதிரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறப் போனேன். "செருப்போட ஏறுங்க நானா" என்றார்.

"அழுக்காகும்ணே. ஒட்டினவன் நான்தானே, எனக்கு மனசு வராது."

"ஏறுங்கன்னா ஏறுங்க!" குரல் உயர்ந்துவிட்டது. யார் வந்தாலும் அதுதான் சட்டம். ராசம்மா அக்கா தலையில் அடித்துக்கொள்வார். "வீடுங்குறாரு, செருப்போட வாங்கன்னு சொல்றாரு. இது எந்த ஊரு வழக்கம்? கூட்டிப் பெருக்குறவ நானு" என்று புலம்புவார். மனுசனுக்கு வயது போய் மூளை குழம்பிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் தோட்டத்தில், அவர் வீட்டுக்கு முன்னால் நின்ற பஸ்ஸுக்குள் நான் திண்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. அவர் சாரதி இருக்கையில் இருந்தார். அப்போது மிதிபலகையில் டக் டக் என்று சத்தம் கேட்டது. மழை நாளில் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறுமுன் சப்பாத்துச் சேறு விழுவதற்காகக் காலைத் தட்டுவார்களே, அதே சத்தம். நான் நிமிர்ந்து பார்த்தேன். கதவு திறந்திருந்தது, வாசலில் யாரும் இல்லை. அவர் திரும்பக்கூட இல்லை. கண்ணாடியை மட்டும் பார்த்து, "பரவாயில்ல, ஏறு புள்ள" என்றார். யா அல்லாஹ், கூரைத் தாங்கியிலிருந்து சொட்டிய தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்கியை அன்றைக்கு இன்னும் கூரையில் பொருத்தவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார். சரிவு இறங்கிய அந்தக் காலையில் தர்ஷினி முதல் ஆளாக ஓடிவந்திருக்கிறாள். புதுச் சப்பாத்து, முழுக்கச் சேறு. மிதிபலகையில் நின்று டக் டக் என்று தட்டியிருக்கிறாள். சேறு போகவில்லை. "போயி கழுவிட்டு வா, நிக்கிறேன்னு சொன்னேன் நானா. சிரிச்சுக்கிட்டுத்தான் போச்சு. நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். இதை அறிந்தவர்கள் அவர் மனைவியும் நானும் மட்டும்தான்.

பஸ் எதற்கு வீடானது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. வெள்ளைக்காரர் கதையெல்லாம் சும்மா. யோகம்மாவையும் ராசம்மா அக்காவையும் ஏற்றிக்கொண்டு கதிர்காமம் போக வேண்டும், வழியில் அந்தத் தாய் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வர வேண்டும், அங்கே வைத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும். "இங்கேயே போயி சொல்லுங்களேன்ணே, ஒரே தோட்டத்துலதானே இருக்குறாங்க" என்று சத்தம் போட்டேன். "எந்த வாயால சொல்றது? நடுவுல முருகன் நின்னா எனக்குத் தைரியம் வரும் நானா" என்றார்.

வேலை பாதியில் இருக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸை மேல் லயத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துவார். ஹோர்ன் அடிக்க மாட்டார். கதவைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார். கூட இருந்து நானும் பார்த்திருக்கிறேன். யோகம்மா வாசலுக்கு வருவார், கொஞ்ச நேரம் பஸ்ஸைப் பார்ப்பார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ராசம்மா அக்கா போய்க் கூப்பிட்டும் அவர் கதவைத் திறக்கவில்லை. "அதுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு நானா. அதான் ஏற மாட்டேங்குது" என்பார் அண்ணன். ஒருமுறையாவது அந்தத் தாய் அந்த பஸ்ஸில் கால் வைத்துவிட வேண்டும் என்று, என் மார்க்கத்தில் நானும் துஆ கேட்டேன்.

அவர் இருக்கும்வரை அது நடக்கவில்லை.

மரண வீட்டன்று விடாத மழை. வெள்ளைக்கொடிகள் நனைந்து கம்பியோடு ஒட்டிக்கிடந்தன. வீட்டுக்குள் இடமில்லாமல் வந்தவர்கள் பஸ்ஸுக்குள் ஒதுங்கினார்கள். பழக்கதோஷத்தில் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். பிரேதத்துக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ராசம்மா அக்கா அதை எப்படிப் பார்த்தாரோ, எழுந்து தலைவிரி கோலமாக ஓடிவந்தார். "யாரும் கழட்டாதீங்க! அப்படியே ஏறுங்க! அவரு கோவிச்சுக்குவாரு!" என்று கத்தினார்.

அந்த நேரம் யோகம்மா வந்தார். கொழுந்து மலையிலிருந்து நேராக வந்திருந்தார், வெறுங்கால், கணுக்கால் வரைக்கும் சேறு. மிதிபலகைக்கு முன்னால் நின்று தன் காலைப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பினார். ராசம்மா அக்கா பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "கழுவப் போகாத யோகம். சேத்தோடயே ஏறு" என்றார். யோகம்மா ஏறினார். சாரதி இருக்கைக்குப் பின்னால் நான் தைத்துப் போட்ட திண்டில் உட்கார்ந்தார். ஒதுங்கியிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள். உள்ளே நாங்கள் மூவர்தான்.

ராசம்மா அக்கா யோகம்மாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். "அவருதான் அனுப்பினாரு யோகம், கழுவிட்டு வான்னு அவருதான்…"

"தெரியும்க்கா. புள்ள வந்து சொல்லுச்சு, மாமா கழுவிட்டு வரச் சொன்னாருன்னு." யோகம்மா மடியில் கையைக் கோத்து வைத்திருந்தார். "வீட்டுல வாளி நெறைய தண்ணி இருந்துச்சு. குடிக்கத் தூக்கி வெச்ச தண்ணி. இதுல கழுவிக்கிறேம்மான்னு கேட்டுச்சு. குடிக்கிற தண்ணியில சப்பாத்தா கழுவுறதுன்னு ஏசி, பீலிக்குப் போகச் சொன்னது நான்தான். அதோட புத்தகப் பைய நான் வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகலயே. வாளி அப்படியே இருந்துச்சு."

ராசம்மா அக்கா அழுகையை நிறுத்திவிட்டார்.

"அவரு ஞாயித்துக்கெழம வந்து கதவத் தொறந்துக்கிட்டு நிப்பாரு. கேக்கத்தான் வர்றாருன்னு நெனச்சேன். நான் வீட்டுக்குத்தானே அனுப்பினேன், நீ ஏன் பீலிக்கு அனுப்பினன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அதுக்குப் பயந்துதான் ஏறல."

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. ஒரே தோட்டத்தில் இருந்துகொண்டு, இத்தனை மழைக்காலம், ஒருவருக்கு ஒருவர் பயந்துகொண்டு! வீட்டுக்குள் கிடத்தியிருந்த மனுசனை எழுப்பி உட்கார வைத்து, கேளுங்கண்ணே, இதைக் கேட்டுவிட்டுப் போங்கண்ணே என்று உலுக்க வேண்டும்போல் இருந்தது. வெளியே கொட்டுச் சத்தம் தொடங்கிவிட்டது. தூக்கப் போகிறோம் என்று கூப்பிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று பிறகு யோகம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க நானா, அவரு ஏத்திக்கிட்டுப் போன புள்ளைங்க எல்லாம் படிக்கட்டும்" என்றார். கடைசி உறையையும் தைத்துப் போட்டுவிட்டேன். ஆடிவேல் திருவிழாவுக்கு இரண்டு பெண்களும் அந்த பஸ்ஸிலேயே கதிர்காமம் போகிறார்கள். ஓட்டுவது என் மகன். யோகம்மாவின் காலிலிருந்து ஒட்டிய சேறு தரை விரிப்பில் காய்ந்து கிடக்கிறது. ராசம்மா அக்கா அதைத் துடைக்க விடவில்லை.

சந்தனம் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியதையும் சொல்லிவிடுகிறேன். போன கிழமை மழை பிடித்துக்கொண்டபோது, பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போன ஒரு பிள்ளை ஒதுங்க இடம் தேடி என் கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே விரித்திருந்த துணிகளைப் பார்த்தாள், தன் சப்பாத்தைப் பார்த்தாள், டக் டக் என்று காலைத் தட்டினாள். நான் தையலில் இருந்தேன். நிமிர்வதற்கு முன்னாலேயே என் வாய் சொல்லிவிட்டது: "பரவாயில்ல, ஏறு புள்ள."

என் கடை தெருவோடு தரையாக இருக்கிறது. ஏறுவதற்கு அங்கே ஒரு படியும் இல்லை.