பிஸ்டலை வீட்டில் துடைப்பது யார்?

1. புகை

ஏர் பிஸ்டலில் புகை வரக் கூடாது. காற்று பெல்லட் என்கிற ஈயக் குண்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். வெடிமருந்து கிடையாது, தீ கிடையாது. அன்று நான்காம் லேனில் செண்பகம் சுட்டபோது குழல் முனையில் நீலப் புகை வந்தது. 'டப்' என்று கேட்க வேண்டிய சத்தம் 'பட்டீர்' என்று கேட்டது. பெல்லட் கறுப்பு வட்டத்துக்கு மேலே, வெள்ளைத் தாளில் போய்க் குத்தியது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு பழைய மில் குடோனில் இருக்கிறது எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்ச். லேன் எட்டு, எரியும் விளக்கு ஆறு. மில்லில் நூல் டெஸ்டிங்கில் இருந்து ஓய்வு பெற்றபின் நான் இங்கே பொறுப்பாளன். பொழுதுபோக்குக்குச் சுட வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதல் நாளே, "சார், எந்த பிஸ்டல் வாங்கலாம்?" என்று கேட்பார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இன்னொரு தடவை சொல்கிறேன். கிரிப் உள்ளங்கையில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். கையை நீட்டி முப்பது எண்ணும்வரை தாங்கக்கூடிய எடை வேண்டும். ட்ரிகர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடுபட வேண்டும். அழகு கடைசி. கேட்டுவிட்டு எல்லோரும் அழகானதையே வாங்குவார்கள்.

செண்பகம் அப்படி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மருந்துக் கடையில் வேலை. ஆறு மாதம் ரேஞ்ச் பிஸ்டலில் சுட்டுப் பழகிவிட்டுத்தான் வாங்கினாள். வீடு கான்சாபுரத்தில். துணைக்கு அவள் அப்பா பெருமாள்சாமி வந்திருந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர், ஆயுதக் கிடங்கில் மட்டும் இருபத்திரண்டு வருஷம்.

"பொம்மை கணக்கா இருக்கு அண்ணாச்சி. நல்லா கனமா ஒண்ணு காட்டுங்க."

"சுடப்போறது நீங்களா, நானாப்பா?"

"தூக்கிட்டு வரப்போறது நான்தான தாயி."

கடைசியில் ரேஞ்சில் விற்பனைக்கு வைத்திருக்கும் ஷெல்ஃபிலிருந்து அவள் கைக்கு ஏற்ற சிறிய ஸ்பிரிங் பிஸ்டல் ஒன்றை வாங்கினார்கள். முதல் வாரம் அவளுடைய ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. அதற்குப் பிறகு முதல் இரண்டு மேலே போகும், மீதி மூன்றும் கீழே சிதறும். புகை வந்த அன்று பிஸ்டலை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"எனக்கு இது வராது சார். இந்த மாசத்தோட நிப்பாட்டிக்கிடுதேன்."

2. எண்ணெய்

கழற்றிப் பார்த்தேன். உள்ளே எண்ணெய் தேங்கி நின்றது. ஸ்பிரிங் பிஸ்டலில் காற்று அழுந்தும்போது சூடாகும். அங்கே எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சின்போலப் பற்றிக்கொள்ளும். முதல் பெல்லட் பறக்கும். காற்றை அடைக்கிற வாஷர் கருகும். பிறகு காற்று நிற்காது.

"எண்ணெய் விட்டியாம்மா?"



"அப்பா சார். தெனமும் சாப்பிட்டு முடிச்சதும் பேப்பரை விரிச்சு, கயித்துல துணியக் கட்டி குழலுக்குள்ள இழுத்து, தையல் மிஷின் எண்ணெய் விட்டுத்தான் வைப்பாக. அதுக்குப் பொறவுதான் அவியளுக்குத் தூக்கமே வரும்."

"விடாதீங்கன்னு நான் சொல்லிப் பாக்கட்டுமா?"

"வேண்டாம் சார், சொல்லிராதீக. ஓய்வு வாங்கிட்டு வந்து நாலு வருசமா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தவிய. இது வந்த பொறவுதான் எந்திரிச்சு உக்காந்திருக்காக." பிறகு கேட்டாள்: "துடைச்சாலும் கெடாத பிஸ்டல் எது சார்?"

இத்தனை வருஷத்தில் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சிலிண்டரில் காற்று அடைத்து, போட்டிகளில் சுடுகிற மேட்ச் பிஸ்டல்? அதில் எண்ணெய் பட்டால் இன்னும் ஆபத்து. இரண்டு நாள் தூக்கம் கெட்டது எனக்கு. மூன்றாம் நாள் லாக்கரைத் திறந்தபோது, ஒரு மெம்பர் விற்கச் சொல்லிப் போன பழைய மேட்ச் பிஸ்டல் கண்ணில் பட்டது. வால்நட் மரத்தில் கிரிப். ஒரே ஒரு ஸ்க்ரூ. கழற்றினால் கிரிப் தனியாகக் கையோடு வந்துவிடும்.

3. கிரிப்

செண்பகம் அதைத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தாள். அவளோடு பெருமாள்சாமியையும் வரச் சொல்லி, கிரிப்பை மட்டும் அவர் கையில் கொடுத்தேன்.

"மத்தது எங்க அண்ணாச்சி?"

"லாக்கர்ல. அது இங்கதான் இருக்கும்."

"பிடிய மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன, சாமியா கும்பிட?"

"இது உங்க மக கைக்கு ஒட்டல. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கைக்குப் பொருந்த வைக்கணும். தேய்ச்ச இடத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவணும். பொறுமை வேணும், எனக்குக் கிடையாது."

அவர் கிரிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏட்டி, கையக் காட்டு" என்றார். சட்டைப் பையிலிருந்த கோயில் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து அவள் உள்ளங்கையில் பூசி, கிரிப்பை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மரத்தில் சிவப்பு விழுந்த இடம் மேடு, விழாத இடம் பள்ளம். மேட்டைத் தேய்க்க வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"எம்புட்டு மேடு பாரு! இத வச்சுக்கிட்டு எப்படிச் சுடுவ?"

ஒரு மாதம் கிரிப் கான்சாபுரத்துக்கும் ரேஞ்சுக்கும் போய் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் குங்குமக் கறை மரத்தில் இன்னும் கொஞ்சம் பரவிக்கொண்டே வந்தது. கடைசி ஞாயிறு கிரிப் முழுக்க ஒரே சீராகச் சிவப்பு. அன்று செண்பகத்தின் ஐந்து பெல்லட்டும் ஒரே ஓட்டையாக விழுந்தன. நான்குதான் இருக்குமோ என்று தாளை இரண்டு முறை தடவிப் பார்த்தேன். ஐந்துதான். நிப்பாட்டும் பேச்சை அவள் பிறகு எடுக்கவில்லை.

அவள் கை கழுவப் போனபோது பெருமாள்சாமி என் பக்கம் வந்தார்.

"பழசு பொகைஞ்சது என் எண்ணெயாலதான அண்ணாச்சி?"

நான் தாளை மடித்து வைத்தேன்.

"கிடங்குல கெடந்தவனுக்குக் கருகின எண்ணெய் வாசம் தெரியாதா? அவ சொல்லல, நானும் கேக்கல. அவகிட்ட நீங்களும் சொல்லாதீக."

பழைய பிஸ்டல் இப்போது சுடாது. வாஷர் மாற்றவில்லை. அதை இன்றும் தினமும் துடைக்கிறார். இந்தப் பக்கத்தில் அவ்வளவு சுத்தமான பிஸ்டலை நான் பார்த்ததில்லை.

பட்டாளத்து வீடும் போலீஸ் வீடும் நிறைந்த ஊர் இது. அதனால் முதல் பிஸ்டல் வாங்க வருகிறவர்களிடம் கிரிப், எடை, ட்ரிகர் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "வீட்டில் துடைப்பது யார்?" என்று கேட்டுவிடுகிறேன். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பதில் வரும்வரை ஷெல்ஃபைத் திறப்பதில்லை.