பெரியம்மாவைப் பார்த்த கதை

கோடை முழுக்கத் திமிங்கலம் காட்டக் கூட்டிப்போகிற படகில் டீ போடுவது அவள் வேலை. தெருவில் அவளுக்குத் 'திமிங்கலத்தக்கா' என்றே பெயர். ஆனால் ஒன்றை முதலிலேயே போட்டு உடைத்துவிடலாம். போன கோடை வரைக்கும் அவள் ஒரு திமிங்கலத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

சிரிக்க வேண்டாம். அவள் இடத்தில் யார் இருந்தாலும் பார்த்திருக்க முடியாது. அவளுடைய கடை படகின் கீழ்த்தளத்தில், ஏணிப்படிக்குப் பின்னால் இருந்தது. திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். ஒரு பலகை, அடுக்கிய காகிதக் கோப்பைகள், பிஸ்கட் டப்பா, இடுப்பு உயரத்துக்கு ஒரு வெந்நீர் பாய்லர், எதிர்ச்சுவரில் ஒரு வட்ட ஜன்னல். படகு ஓடும்போது அந்தப் பாய்லர் பரம சாது. திமிங்கலம் தண்ணீரைப் பீச்சி மூச்சு விடுவதைக் கண்டு மேலே யாராவது "ஊதுது! ஊதுது!" என்று கத்தினால் கேப்டன் உடனே இன்ஜினை நிறுத்திவிடுவார். திமிங்கலத்துக்குப் பக்கத்தில் இன்ஜின் ஓடக் கூடாது என்பது சட்டம். இன்ஜின் நின்றால் படகு ஆடும், படகு ஆடினால் பாய்லரும் ஆடும். அதைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்த பட்டை எந்தக் காலத்திலோ அறுந்துபோயிற்று. "அடுத்த வாரம் மாத்திடலாம்மா" என்று கேப்டன் சொன்னார். அந்த அடுத்த வாரம் இன்னும் வந்தபாடில்லை. ஆக, ஊரே மேல்தளத்துக்கு விழுந்தடித்து ஓடுகிற நேரத்தில், இவள் கையில் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, கொதிக்கிற பாய்லரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள்.

டால்பின் வேறு கதை. அவற்றுக்கு ஓடுகிற படகுதான் பிடிக்கும். பாய்லரை விட்டுவிட்டு அந்த வட்ட ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, கூடவே துள்ளி வருகிறவற்றை ஆசைதீரப் பார்த்திருக்கிறாள். கடல்பறவைகளும் அப்படித்தான். இறக்கையை மடக்கிக்கொண்டு தலைகீழாக விழும் வெள்ளைப் பறவை, தண்ணீரை மிதிப்பது போலத் தத்தித் தத்திப் போகும் குட்டிக் கறுப்புப் பறவை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. திமிங்கலத்தை மட்டும் காதால் கேட்டிருக்கிறாள், பெருமூச்சு போல. மூக்காலும் அறிந்திருக்கிறாள். ஜன்னல் வழியே வரும் அந்த மூச்சின் அழுகிய மீன் நாற்றத்தில் பிஸ்கட் டப்பாவை மூடிவைக்க வேண்டியிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் அவளைக் கூட்டிப்போகப் புருஷன் படகுத்துறைக்கு வந்திருந்தார். அவர் முடிதிருத்துகிறவர். கண்ணாடிக்கும் நாற்காலிக்கும் நடுவே நின்றே காலத்தை ஓட்டியவர், கடல் பக்கம் வந்ததே அன்றுதான். "பாத்தியா?" என்று கேட்டார். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தபின் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"பாத்தேன்" என்றாள்.

அவ்வளவுதான், அதற்குப் பிறகு தினம் ஒரு திமிங்கலம் சொல்ல வேண்டியதாயிற்று. நனைந்த தலையோடு டீ குடிக்க இறங்கி வருகிறவர்கள் பேசுவதை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, கண் காது மூக்கு வைத்து ராத்திரி சாப்பாட்டோடு பரிமாறினாள். ஒருநாள் கைவசம் எதுவும் இல்லாதபோது, முதுகில் வெள்ளைத் தழும்போடு குட்டியை அணைத்துப்போகும் ஒரு கிழத் தாயைத் தானாகவே உண்டாக்கினாள். புருஷன் அதற்குப் 'பெரியம்மா' என்று பெயரே வைத்துவிட்டார். மறுநாள் கடையில் அவர் தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்து அவிழ்த்துவிட, பெரியம்மா தெருவுக்கே சொந்தமாகிவிட்டாள். முடி வெட்ட வருகிறவர்கள் உட்காரும்போதே, "பெரியம்மா சௌக்கியமா?" என்று விசாரிப்பார்கள்.

போன கோடை முடியப்போகிற சமயம், அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை கடைய மூடிட்டு உன்கூட வரேன்."

அவள் பரிமாறிய கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குங்க? படகு ஆட்டத்துல குடலே வெளிய வந்துடும்."

"மாத்திரை வாங்கிட்டேன்."

"வெயில் வேற..."

"தொப்பியும் வாங்கிட்டேன். வயசாகுதும்மா. நாளைக்குக் கால் ஒத்துழைக்குமோ என்னவோ. பெரியம்மாவ உன் பக்கத்துல நின்னு ஒரு தடவை பாத்துடணும்."

ராத்திரி முழுக்க, அன்று ஒரு திமிங்கலமும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். குட்டு வெளிப்படுவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. இத்தனை வருஷமாக இவள் வார்த்தையை நம்பி ஊரெல்லாம் சொன்ன மனுஷன் தலைகுனிய வேண்டி வருமே, அதை நினைத்துத்தான் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது, கடலில் மெல்லிய அலை. புதுத் தொப்பியோடு அவர் மேல்தளத்துக் கம்பியோரம் இடம் பிடித்தார். பிடித்ததோடு நில்லாமல், கையை அகல விரித்து இன்னோர் ஆளுக்கும் இடம் ஒதுக்கி, "என் சம்சாரம் வருவா, என் சம்சாரம் வருவா" என்று வருகிறவர் போகிறவரோடெல்லாம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது கீழே அவளுக்கும் கேட்டது.

அவளுடைய வேண்டுதல் பலிக்கவில்லை. "ஊதுது!" என்று சத்தம். இன்ஜின் நின்றது. கீழே இருந்தவர்கள் டீயை வைத்தது வைத்தபடி படியேறி ஓடினார்கள். அவள் வழக்கம்போலச் சாக்குத்துணியை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். "எங்க போயிட்ட? வா, வா! தூரத்துல ஊதுது, இந்தப் பக்கமாத்தான் வருதாம்..." என்று வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பாய்லரைக் கட்டிப்பிடித்து நிற்கிற மனைவியையும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தானா?"

அவள் திருதிருவென்று முழித்தாள். "படகு நின்னா இது ஆடும்ங்க. விட்டா கொட்டிடும்."

"அப்ப பெரியம்மா?"

"நானா உண்டாக்கினதுங்க."

அவர் பாய்லர் பக்கம் வந்தார். தோளில் எந்நேரமும் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு கையிலும் சுற்றினார்.

"தள்ளு."

"உங்களுக்குப் பழக்கமில்லைங்க, மேல ஊத்திக்குவீங்க."

"ஆடுற தலையைப் பிடிச்சே பொழப்பு நடத்துறவன் நான். இந்த ஆட்டம் எனக்கு ஒரு பொருட்டா? சரி, பாத்துக்கறேன். நீ ஓடு."

ஓடினாள். மேலே அவர் ஒதுக்கி வைத்திருந்த இடத்தை எவனோ பிடித்திருந்தான். இரண்டு தோள்களுக்கு நடுவே தலையை நுழைத்தாள். படகுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் கறுத்தது. பிறகு அந்தக் கறுப்பு எழுந்தது. மூச்சு வெடித்து முகமெல்லாம் நனைந்தது. தெரிந்த நாற்றம், ஆனால் இந்தத் தடவை அவள் மூக்கைப் பொத்தவில்லை. முதுகு வந்துகொண்டே இருந்தது, இப்போது முடியும் இப்போது முடியும் என்று பார்த்தால் முடியவேயில்லை. கடைசியில் வால் ஒன்று நிதானமாக எழுந்து, நின்று, இறங்கியது. அவள் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்த அந்த எவனோ பயந்துபோய் அவளுக்கு இடம் விட்டான்.

கண்ணைத் துடைத்ததும் புருஷன் ஞாபகம் வந்தது. விழுந்தடித்துக் கீழே ஓடினாள். "போங்க, நீங்க போய்ப் பாருங்க, சீக்கிரம்!" அவள் சொல்லி முடிக்கும்முன் இன்ஜின் உறுமியது. திமிங்கலம் ஆழத்துக்குப் போய்விட்டது. அந்தக் கோடைக்கு அதுதான் கடைசி.

அவர் இன்னமும் பாய்லரைப் பிடித்துக்கொண்டு நின்றார். புதுத் தொப்பி தரையில் நனைந்து கிடந்தது. மணிக்கட்டில் வெந்நீர் தெறித்துச் சிவந்திருந்தது.

"பாத்தியா?" என்று கேட்டார். முதல் நாள் கேட்ட அதே முகம்.

"பாத்தேன்" என்றாள் அவள்.

அன்று வீட்டில் அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். கோபமோ வருத்தமோ, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மணிக்கட்டுக்கு மருந்து தடவிக் கட்டுப் போட்டாள். தட்டை நகர்த்திவிட்டு, "சொல்லு" என்றார்.

இத்தனை வருஷம் பொய்யாகப் பொழிந்த வாய்க்கு அன்று வார்த்தையே வரவில்லை. நிறத்தைச் சொல்லப் பார்த்தாள், வாலைச் சொல்லப் பார்த்தாள். "முதுகு முடியவே இல்லைங்க. வந்துகிட்டே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

"இத நீ இதுக்கு முன்னாடி சொன்னதே இல்லையே" என்றார் அவர். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மறுநாள் படகு போகாததால், மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு புருஷன் கடைக்குப் போனாள். உள்ளே ஒரே சத்தம். நாற்காலியில் இருந்தவர் பாதி சோப்பு முகத்தோடு, "பெரியம்மாவ பாத்தீங்களா இல்லையா, அதச் சொல்லுங்கண்ணே" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"பாக்காம? முதுகு வருது, வருது, வந்துகிட்டே இருக்கு. இப்ப முடியும்னு பாத்தா முடியவே மாட்டேங்குது..." சொல்லிக்கொண்டே வந்தவர் வாசலில் அவளைப் பார்த்துவிட்டார். கத்தி காற்றிலேயே நின்றது. கையும் களவுமாக மாட்டிய பையன் முகம்.

சோப்பு முகம் அவள் பக்கம் திரும்பியது. "திமிங்கலத்தக்கா, அண்ணன் நெஜமாவே பாத்தாரா, இல்ல சும்மா அளக்கறாரா?"

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். கட்டுப் போட்ட அந்த மணிக்கட்டைப் பார்த்தாள்.

"பாத்தாரு. என் பக்கத்துலதான் நின்னாரு."