முன் பிரேக்கு

எங்கண்ணன் செத்தது ஆமத்தூர் தாண்டி ஒரு வளைவுல. எதுக்க ஒரு வண்டியும் வரல. வேகமாப் போயி, வண்டி சாஞ்ச பொறவு பயந்து முன் பிரேக்க அமுக்கிட்டான். முன் சக்கரம் வழுக்கிருச்சு. பின்னால வந்தவுக சொன்னது இம்புட்டுதேன்.

எங்கப்பா காதுல அதுல ஒரு சொல்லுதேன் விழுந்துச்சு. முன் பிரேக்கு. வண்டி ஒர்க்‌ஷாப்ல இருந்து வந்த அன்னைக்கே கேபிளக் கழட்டி எங்கனயோ வச்சுட்டாரு. "பின் பிரேக்கு போதும்லே. எங்க காலத்துல முன் பிரேக்க எவன் தொட்டான்?"

இப்ப அந்த வண்டியிலதேன் நான் வேலைக்குப் போறேன். திருத்தங்கல்ல வெடிப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற கம்பெனி. சீசன் நேரத்துல பஸ்ஸ நம்புனா ஷிப்டுக்கு நிக்க முடியாது. வேற ரோடும் இல்ல. தெனமும் அதே வளைவு.

கெளம்பும்போது அப்பா வந்து கைப்பிடியில இருக்குற முன் பிரேக் கம்பிய அமுக்கிப் பாப்பாரு. தொளதொளன்னு ஆடும். அப்பறந்தேன் காப்பி குடிப்பாரு. "புதுக் கேபிள் மாட்டிக்கிறேம்மா"ன்னு ஒருநா அம்மாகிட்ட கேட்டேன். "அந்த மனுசன் அதத் தொட்டுப் பாத்துதேன் உசுரோட இருக்காரு. விட்டுருய்யா"ன்னுச்சு.

மெக்கானிக் அண்ணன் என்னயப் பாத்தாலே ஆரம்பிச்சிருவாரு. "ஏலே, கால வச்சு நிப்பாட்டவா வண்டி வாங்குனீக?"

வளைவப் பத்தி நானா ஒண்ணு கண்டுக்கிட்டேன். சாஞ்சு திரும்புறப்போ தரையப் புடிக்கிறதுக்கே டயருக்குச் சரியாப் போயிருது. அந்நேரம் பிரேக்கையும் அமுக்குனா ரெண்டுல ஒண்ண விட்டுரும். வேகத்த நேரா போறப்பயே கொறச்சுப்புடணும். ஆனா நேரா போறப்போ நல்லாக் கொறைக்கிறது முன் பிரேக்குதேன். எனக்கு அது இல்ல. ரொம்ப முன்னாடியே கியரக் கொறச்சு ஊந்துக்கிட்டே போவேன். பின்னால பஸ்காரன் ஹாரனப் போட்டுக் கொல்லுவான்.

போன மாசம் நான் வேலைக்குக் கெளம்புறப்போ, போற வழியில ஒரு சாவு, துட்டி வீட்டுக்குப் போகணும்னு அப்பா பின்னால ஏறுனாரு. வளைவுக்குக் கொஞ்சம் முன்ன ஆட்டுக்கூட்டம் ரோட்டுக்கு ஏறிருச்சு. அமுக்குறேன், பின் சக்கரம் நின்னுக்கிட்டு இழுவுது, வண்டி நிக்கல. அப்பா என் தோளப் பிச்சுட்டாரு.

"பிரேக்கப் புடிலே! புடிலே!"

"எதப்பா புடிக்க?"

ரோட்ட விட்டு எறங்கி சீமக்கருவேல முள்ளுக்குள்ள போயி நின்னோம். ரெண்டு பேருக்கும் கீறல்தேன். ஆடு மேய்க்கிறவரு, "கண்ணு தெரியலையா?"ன்னு வஞ்சுட்டுப் போனாரு. அப்பா திரும்ப வண்டியில ஏறல. "நீ வேலைக்குப் போ, நான் பஸ்ஸுல போய்க்கிறேன்"னு அங்கனயே நின்னுட்டாரு.

சாயங்காலம் சோறு திங்கயில கேட்டாரு. "கேபிள மாட்டுனா, வளைவுக்குள்ள அமுக்க மாட்டேல்ல?"

"மாட்டேம்ப்பா. முன்னாடியே அமுக்கி வேகத்தக் கொறச்சிருவேன்."



"அவனும் இதத்தேன்டா சொல்லிருப்பான்."

தட்டுலயே கையக் கழுவிட்டு எந்திரிச்சுட்டாரு. மறுநா காலையில வந்து கம்பிய அமுக்கிப் பாத்தாரு. தொளதொளன்னுதேன் ஆடுச்சு. நான் கெளம்பிட்டேன்.