ஒன்று புள்ளி எட்டு

எங்கள் வீட்டு மண்ணுக்கு ஓர் எண் உண்டு. ஒன்று புள்ளி எட்டு. மண்ணுக்கு எதற்கு எண் என்று கேட்கலாம். எனக்கும் அது ரொம்ப நாள் புரியவில்லை. ஆனால் அந்த எண்ணை அந்த மண்ணுக்குக் கொடுத்தவள் நான்தான். 1991 சித்திரையில், ஆறாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வு எழுதிய கை ஆறுவதற்குள் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அம்மாவின் தம்பி லைசென்ஸ் வாங்கிய வயர்மேன். அவர் சேரப்பணஞ்சேரியில் இருந்தார், நாங்கள் வடக்குப்பட்டில். புது வீட்டுக்குக் கரண்ட் வேண்டுமென்றால் ஈ.பி. ஆபீசில் மனுவோடு ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். வயரிங் எப்படி இருக்கிறது, எர்த் எப்படி இருக்கிறது என்று லைசென்ஸ் உள்ள வயர்மேன் அளந்து, எண்களை எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய தாள் அது. மாமாவுக்கு அளப்பதில் இருந்த சுத்தம் எழுதுவதில் கிடையாது. அவர் எழுதும் ஐந்தை அவரவர் விருப்பம்போல் மூன்றாகவும் படிக்கலாம், எட்டாகவும் படிக்கலாம். ஒருமுறை ஆபீசில் தாளைத் திருப்பியே கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து என் குண்டு கையெழுத்துக்கு யோகம் அடித்தது.

எங்கேயாவது வேலை முடிந்தால் எண்களைத் துண்டுச் சீட்டில் குறித்து அனுப்புவார் மாமா. அவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய தாள்கள் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும். சீட்டில் உள்ளதை நான் தாளில் நிரப்புவேன். ஒரு நோட்டிலும் எழுதி வைப்பேன். அப்பா ஷிப்டுக்குப் போகும் வழியில் ஆபீசில் சேர்த்துவிடுவார். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடலாமா என்றெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. எனக்கோ தலைகால் புரியாத பெருமை. சுங்குவார்சத்திரம் வரைக்கும் பாதி விளக்குகள் என் கையெழுத்தில்தான் எரிகின்றன என்று பள்ளியில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் அப்பா எங்கள் ஓட்டு வீட்டுக்கு முன்னால் இரண்டு அறைகளைத் தளம் போட்டுக் கட்டினார். பின்னால் ஓட்டுக் கட்டு, முன்னால் தளக் கட்டு. சமையல் மட்டும் பழையபடி பின்னால்தான். புது அறைகளில் மாமா சுவருக்குள் பைப் பதித்து வயர் இழுத்தார். பின்கட்டில் மரச்சட்டத்தின் மேல் ஆணியடித்த பழைய வயர் ஓடியது. அதன் துணியுறை பல இடங்களில் எலி கொறித்த மாதிரி இருந்தது. எர்த் என்ற பேச்சே அங்கு கிடையாது.

முன்னாலும் பின்னாலும் ஒரே மீட்டரில் ஓடப்போவதால் பழையதையும் மாற்றியாக வேண்டும் என்றார் மாமா. புதுசாகக் கட்டுவதற்குத்தானே சட்டம், பன்னிரண்டு வருடமாக எரிகிற விளக்குக்கு எதற்குச் சட்டம் என்றார் அப்பா. மாமா வாதாடவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி ஷெட்டில் பத்து நாள் வேலை இருக்கிறது, வந்ததும் பின்கட்டைப் பிரித்து மாற்றுகிறேன், அதற்குள் ஆள் வைத்து எட்டடிக்கு எர்த் குழி தோண்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகும் முன் நான் கேட்டேன், எர்த் எதற்கு என்று.

"மெஷின் மேல கரண்ட்டு கசிஞ்சா, அது மண்ணுக்குப் போவணும் பாப்பா. ஒயர் இருந்தா ஒயர் வழியாப் போவும். இல்லன்னா, தொட்டுக்கினு நிக்கிற ஆள் வழியாப் போவும்."

கேட்காமலே இருந்திருக்கலாம்.

புதுமனை புகுவிழாவுக்குச் சித்திரைக் கடைசி முகூர்த்தம் குறித்திருந்தது. அதை விட்டால் சொந்தக்காரர்களை மறுபடி அழைக்க வேண்டும். குழி தோண்ட வந்தவர் நாலடியில் சரளை முட்டியதும் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பத்தாம் நாள் மாமா வரவில்லை, வேலை இன்னும் ஒரு வாரம் இழுக்கும் என்று தகவல் மட்டும் வந்தது. அப்பா அந்த நாலடியிலேயே குழாயை நிறுத்தி, மண்ணைத் தள்ளி, மேலே ஒரு சிமென்ட் மூடி போட்டார். மூடி அவ்வளவு அழகாக அமைந்தது. பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

மாமாவின் சீட்டு எங்கே என்று கேட்டேன்.

"நோட்டைப் பாத்து ஏதாவது ஒரு வூட்டு நம்பரைப் போடும்மா. எங்க கம்பெனியில ஷிப்ட்டு ஆரம்பிக்கும்போதே எட்டு மணி நேரத்து ரீடிங்கையும் எழுதிடறாங்க. இன்னா ஆயிடுச்சு?"

அப்பா கெட்டவர் இல்லை. முகூர்த்தம் நெருங்கிய வீட்டுத் தலைவர், அவ்வளவுதான். நான் நோட்டைப் புரட்டினேன். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஏரியை ஒட்டிய ஒரு வீட்டின் எண்கள் எனக்குப் பிடித்திருந்தன. எர்த் கட்டத்தில் ஒன்று புள்ளி எட்டு. மண் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான கணக்கு அது, ஆனால் குறைவாக இருந்தால் நல்லது என்று மட்டும்தான் அன்று எனக்குத் தெரியும். ஆகவே நோட்டிலேயே குறைவான எண்ணைத் தேர்ந்தெடுத்து, வழக்கத்தைவிட அழகாக எழுதினேன்.

ஆபீசிலிருந்து ஒருவர் வந்து மீட்டர் வைக்கும் இடத்தையும், வயரையும், மூடியையும் பார்த்துவிட்டுப் போனார். பூமிக்கு அடியில் அளப்பது வயர்மேன் பொறுப்பு, அதற்குத்தான் தாள் இருக்கிறதே. இரண்டு நாளில் இணைப்பு வந்தது. முன்னறையில் குழல் விளக்கு எரிந்தபோது அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வேனில் ஒரு கிரைண்டர் வந்து இறங்கியது. மாமா சீராகக் கொடுப்பதற்குக் கடையில் சொல்லி வைத்திருந்தது. பளபளவென்று இரும்பு உடம்பு. அப்பா அடுக்களையில் அதற்கென்று மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் ஒன்றைச் சுவரில் பொருத்தினார். டார்ச் பிடித்தவள் நான். எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை. அம்மா வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று, ஒரு கையால் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாவைத் தள்ளுவாள். நான் வாசற்படியில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் இருமினால் எனக்கு உயிர் போய் வரும். காலுக்கு அடியில் கோணிப்பை விரித்தேன், வழுக்குகிறது என்று தூக்கி எறிந்தாள். செருப்பைக் கொண்டுபோய் வைத்தேன். அடுக்களையில் செருப்பா என்று முதுகில் ஒன்று வைத்தாள். மாவு அரைக்கப் போகும் நேரம் பார்த்து வயிற்றுவலி என்று படுத்தேன். ஒருநாள் பிளக்கைப் பிடுங்கி வயரை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். அம்மா அதைக் கண்டுபிடித்து, இந்தப் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா அந்த மெஷினைத் தொட்டிருக்க மாட்டாள். ஆனால் சொன்னால் என்னைப் போலீஸ் பிடிக்கும், மாமாவின் லைசென்ஸ் போகும் என்று நம்பினேன். தேர்தல் பிரசார ஜீப் தெருவில் திரும்பினால்கூட ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மாமா வந்தார். கையில் கருவிப் பெட்டி. எரிகிற விளக்கை நிமிர்ந்து பார்த்தார். அம்மா நீட்டிய தண்ணீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு இருக்கும். நேராக வந்து மெயின் சுவிட்சை இறக்கிக் கரண்டை நிறுத்தினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் வந்து நின்றேன்.

"எந்த வூட்டு நம்பர் அது?"

"ஏரிக்கரை வூடு."

அவர் சரி என்று தலையாட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். சைக்கிள் கேரியரிலிருந்து எர்த் அளக்கும் பெட்டியை அவிழ்த்தார். இரண்டு இரும்பு முளைகளைத் தூரத்தில் அடித்து, வயர் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினார். முள் அசைந்து நின்றது. இருபத்திரண்டு.

அப்பா மூடியைப் பார்த்தார். பிறகு எத்தனை வந்தால் போதும் என்று கேட்டார். ஐந்துக்குள் இருந்தால் போதும் என்றார் மாமா. அப்படியானால் ஐந்துக்குக் கொண்டுவந்து, பழைய தாளை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் கொடுத்துவிடலாமே என்றார் அப்பா.

"வேற பேப்பர் குடுத்தா, மொத பேப்பரை யார் எழுதனதுன்னு கேப்பாங்க. பாப்பா கையெழுத்து அங்க எல்லாருக்கும் தெரியும். வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டு வெச்சது என் தப்பு. எழுதனது எழுதனதாவே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்த நாட்கள். பழைய குழியை எட்டடிக்கு இறக்க அவருக்கு ஒன்றரை நாள் ஆனது. குழாயைச் சுற்றிக் கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று போட்டு நிரப்பித் தண்ணீர் விட்டார். கூடை சுமந்தவள் நான். உப்பு என் விரல் வெடிப்புகளில் ஏறி எரிந்தது. முள் பதினொன்று காட்டியது. கிணற்றடியில், துணி துவைத்த தண்ணீர் போகும் இடத்தில் இரண்டாவது குழி தோண்டி முதல் குழியோடு இணைத்தார். நாலரை வந்தது. இதுதான் சட்டத்துக்குள் வந்துவிட்டதே, விடு மச்சான் என்றார் அப்பா. மாமா மூன்றாவது குழிக்கு இடம் பார்த்தார். இடையிடையே பின்கட்டின் பழைய வயரையும் பிய்த்தெறிந்து, கிரைண்டர் பிளக் வரைக்கும் எர்த் வயரோடு புதிதாக இழுத்தார்.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கிரைண்டர் ஓடவில்லை என்பதால் என் பயம் போயிருந்தது. பயம் போன இடத்தில் சலிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. விழாவுக்கான மாவை அம்மா பக்கத்து வீட்டு ஆட்டுக்கல்லில் அரைத்துக்கொண்டிருந்தாள். முற்றமெல்லாம் மண்மேடு. வந்து இறங்கிய அத்தைமார்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு மேட்டைத் தாண்டினார்கள். புது வீட்டுக்குப் பூஜை போடுகிறீர்களா, புதையல் எடுக்கிறீர்களா என்று கேலி வேறு. இந்த மனிதர் அப்பாவை ஜெயிப்பதற்காகத்தான் வீம்பு பிடிக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

நாலாம் நாள் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மாமாவின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக் குழிக்குள் இறங்கினார். இரண்டு பேரும் மாறி மாறித் தோண்டினார்கள்.

விழாவுக்கு முதல் நாள் காலையில் மூன்று குழிகளையும் இணைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மாமா கைப்பிடியைச் சுற்றினார். என்னைக் கூப்பிட்டு முள்ளைப் படிக்கச் சொன்னார். குனிந்து பார்த்தேன். இரண்டுக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தது.

"ஒன்னு புள்ளி எட்டு" என்றேன்.

என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு திமிரும் ஏறியது. இத்தனை நாள் என்னைக் குற்றவாளி மாதிரி நடுங்க வைத்தார்களே, கடைசியில் என் எண்தானே வந்தது?

"அப்போ நான் எழுதனது கரெக்ட்டுதானே மாமா?"

கொப்புளம் உடைந்த கையைத் துண்டால் சுற்றிக்கொண்டிருந்த மாமா என்னைப் பார்த்தார்.

"கரெக்ட்டுதான் பாப்பா. ஆனா சரளை மண்ணு. காஞ்சா நம்பர் ஏறிடும். தெனம் குழிக்கு ஒரு குடம் தண்ணி நீ ஊத்தினா கரெக்ட்டாவே இருக்கும்."

டிரங்குப் பெட்டியில் மீதியிருந்த தாள்களை அன்றே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சீட்டு எதுவும் வரவில்லை.

அந்த விடுமுறை முழுக்க, என் வயதுப் பெண்கள் ஏரியில் குதித்துக்கொண்டிருந்தபோது, நான் கிணற்றிலிருந்து மூன்று குடம் சேந்தி மூன்று குழிக்கும் ஊற்றினேன். சரியாக எழுதியவளுக்கு எதற்கு இந்தத் தண்டனை என்று ஒவ்வொரு குடத்துக்கும் மாமாவைத் திட்டிக்கொண்டேதான் ஊற்றினேன். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று மாவைத் தள்ளிக்கொண்டிருப்பாள்.