மாயம்மாள் உடைக்கப் பார்த்த ரோடு

மாயம்மாளுக்குச் சந்தேகம் தாய்ப்பாலோடு வந்தது. சாயாக்கடைச் சேட்டன் சும்மா ஒரு பிஸ்கட் நீட்டினால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளின் வாசலில் சோதனை ரோடு போட்டால் சும்மா இருப்பாளா?

மட்டாஞ்சேரியில் இட்லிமாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறவள். பழைய தார் ரோட்டின் மேலேயே அரைச்சாண் கனத்துக்கு கான்கிரீட் போட்டார்கள், அவள் வீட்டை ஒட்டிக் கொஞ்ச தூரம் மட்டும். தாங்கினால் தெரு முழுக்கப் போடுவார்களாம், விரிசல் விட்டால் பெயர்த்து எடுத்துவிடுவார்களாம். ரோடு வாசலைவிட உயர்ந்துவிட்டதே என்று கேட்டதற்கு, போட வந்த ஆட்கள் அரைச்சாண்தானே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். முதல் மழைக்கே தண்ணீர் ரோட்டிலிருந்து வீட்டுக்குள் இறங்கி கிரைண்டர் மோட்டாரை நாசம் பண்ணிவிட்டது. இன்னொரு மோட்டார் போனால் அவள் பிழைப்பே போச்சு.

ரோட்டைச் சோதிக்கக் களமசேரியிலிருந்து வரும் எஞ்சினியர் சுஜித் மேல்தான் அவளுக்கு முழுச் சந்தேகம். கான்கிரீட்டுக்குள் வயரைப் புதைத்து, அதை ஒரு பெட்டியில் மாட்டி, அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பான். பார லாரி ஒன்றுகூட அந்தப் பக்கம் வருவதில்லை என்பதையும் அவள் கவனித்துவிட்டாள்.

"இவந்தான் சொல்லிவச்சு ஒதுக்குதான். பாரமே ஏத்தாம பாஸ் போடப் பாக்கான், கள்ளப்பய!"

கொச்சங்காடி குடோனுக்கு அரிசி லாரி ஓட்டும் கொழுந்தன் இசக்கிதுரையைப் பிடித்தாள்.

"எய்யா, இனி லோடோட எங்க வாசல் வழியாத்தான் போணும். உன் கூட்டாளிமாரையும் வரச்சொல்லு."

"எதுக்கு மைனி?"

"ரோடு உடையட்டும்."

லாரிகள் வந்தன. வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. மாயம்மாள் கதவிடுக்கில் நின்று விரிசலைத் தேடினாள். பாழாய்ப்போன ரோடு மசியவே இல்லை.

ஒருநாள் மழை ஓய்ந்ததும் சுஜித் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான்.

"சேச்சீ, ரொம்ப நன்னி! லாரியெல்லாம் நீங்க அனுப்புனதுன்னு இசக்கி சேட்டன் பறஞ்ஞு. புது ரோடுன்னு எல்லாரும் சுத்திப் போயி டெஸ்ட்டே முடங்கிக் கிடந்தது. இப்ப நல்லா பாஸாயிட்டு. இனி தெரு முழுக்க இதுதான்!"

மாயம்மாள் கதவை விரியத் திறந்தாள்.

"நன்னியாவது மண்ணாவது! ஒடஞ்சு தொலையட்டும்னுல்லா சாரே அனுப்புனேன். உள்ள வந்து பாருங்க!"

சுஜித் அன்றுதான் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். கணுக்கால் தண்ணீர். கட்டில்மேல் கிரைண்டர், நனைந்த அரிசி மூட்டை. அவன் முகம் செத்துப்போயிற்று.

"இத்தர நாள் இவ்விடத்தானே நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டு அப்புறம் போடணும்னு எழுதியிருப்பேனே சேச்சி."

"நீங்க கேட்டீங்களா? கள்ளன்னு நெனச்ச ஆள்ட்ட போயி எதச் சொல்ல?"

"ரிப்போர்ட் நேத்தே போயிட்டு" என்றான் சுஜித் மெதுவாக. "மாத்த முடியுமான்னு கேட்டுப் பாக்கறேன்."

மாயம்மாள் வாளியை எடுத்துத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒருத்தன் சொல்வதை நம்பவேண்டும் போலிருந்தது. முடியவில்லை.