வேலையில்லாத சகோதரிக்காக

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் செங்கல்பட்டில் குடியிருந்தோம். கணவருக்குக் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை. காலையில் அலுவலகப் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும். நான் சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். மகள் பிறந்து விடுப்பு முடிந்தபோது வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. "உனக்குச் சரின்னு பட்டாச் செய்" என்றார் கணவர். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு ஆராதனையில் போதகர் ஜெபக் குறிப்புகளை வாசித்தார். சர்க்கரை நோயாளி ஒருவர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைகள், அடுத்து நான். "பத்திரிகை வேலையை இழந்து கைக்குழந்தையோடு இருக்கும் சகோதரிக்கு நல்ல வேலையைக் கட்டளையிடும், ஆண்டவரே." சபை ஆமென் சொன்னது. ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவரின் ஆமென் தனியாகக் கேட்டது.

செய்தியாக வந்திருந்தால் 'இழந்து' என்பதை அடித்து 'விட்டு' என்று திருத்தியிருப்பேன். ஜெபத்தைத் திருத்த முடியாது. எங்கள் சபையில் ஒரு குறிப்பு ஏறிவிட்டால், உரியவர் எழுந்து, கேட்டது கிடைத்தது என்று சாட்சி சொல்லும்வரை அது இறங்காது. வேலை கிடைக்காத நான் என்ன சாட்சி சொல்வது? வாரா வாரம் எனக்காக ஜெபித்தார்கள்.

ஜெபம் என்னை உறுத்தவில்லை. குறிப்பைக் கொடுத்தது யார் என்பதுதான் உறுத்தியது. கணவராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒற்றைச் சம்பளம் அவருக்குப் பாரமாகி, என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, போதகரிடம் சொல்லியிருக்கலாம். கேட்டால் 'ஆமாம்' என்றுவிடுவாரோ என்று பயந்து கேட்காமலே இருந்தேன்.

வேலைக்குப் போன நாட்களில் நான் ரயிலைவிட்டு இறங்கி வருவதற்குள் கணவர் தூங்கியிருப்பார். குடும்ப ஜெபம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகியிருந்தது. இப்போது விளக்குப் போட்டதும் மூவரும் பாயில் உட்கார்ந்தோம். நான் பாட, மகள் தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல் கைதட்டினாள். எதிர்வீட்டுப் பெண் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூத்த பிள்ளையை என்னிடம் விட்டுப் போனாள். எங்கள் தெருவில் பகலில் கதவு திறந்திருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். எங்கள் கல்யாணத்தில் போதகர், 'உங்கள் வீடு பிறருக்குத் திறந்திருக்கட்டும்' என்று வாழ்த்தியிருந்தார். பூட்டிக் கிடக்கும் வீட்டில் அது எப்படி நடக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

அப்போதுதான் பழைய செய்தி ஆசிரியர் போன் செய்தார். பகல் பணி, முன்பைவிட நல்ல சம்பளம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

சனிக்கிழமை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். மகள் மணலை வாயில் போடுவதைத் தடுத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"சந்தோஷம். நீ கேட்டது கிடைச்சிட்டு" என்றார் கணவர். குரலில் சந்தோஷம் இல்லை.

"நான் எங்க கேட்டேன்?"

"ஜெபக் குறிப்பு கொடுத்தியே."

"நானா? நீங்கதானே கொடுத்தீங்க! ஆமென் சொன்ன சத்தம் பொம்பளைங்க பக்கம் வரைக்கும் கேட்டுச்சே."

"உன் மனசு அங்கதான் கிடக்குன்னு நெனச்சேன். உனக்குக் கிடைக்கட்டுமேன்னு சத்தமாச் சொன்னேன்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் மகள் ஒரு பிடி மணலைத் தின்றுவிட்டாள்.

"அப்ப ஒரு சம்பளம் போதுமா?" என்றேன், அவள் வாயைத் துடைத்தபடி.

"இப்பவும் சோறுதானே திங்கோம்?" என்றவர் மகளின் கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டபடி சொன்னார்: "சாயங்காலம் வந்தா வீட்டுல வெளக்கு எரியுது. ரெண்டு பேரும் இருக்கீங்க. அது போயிருமேன்னுதான் எனக்கு."

இத்தனை மாதம் நெஞ்சில் வைத்திருந்தது அந்த மணலிலேயே இறங்கிவிட்டது.

மறுநாள் சாட்சி நேரத்தில் எழுந்தேன். "ஆண்டவர் வேலை கொடுத்தார். அதை வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். என் மகளோடு வீட்டில் இருப்பதே அவர் எனக்குக் கொடுத்த வேலை என்று நம்புகிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன். சபையில் பாதிப் பேர் ஆமென் சொன்னார்கள், மீதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு போதகர் சிரித்துவிட்டு ஸ்தோத்திரம் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும், பெண்கள் கூட்டத்தை நடத்தும் அக்கா வாசலில் என்னை மடக்கினார். செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"இன்னா சிஸ்டர் இது! நாங்க முட்டி தேய ஜெபம் பண்ணிக்கினு கீறோம், நீ வந்த வேலைய வாணான்ற?"

"குறிப்புக் கொடுத்தது நீங்களாக்கா?"

"பின்ன? வூட்ல குந்திகினு கீற, மூஞ்சி வாடிப்போயி கீது. வேல போன துக்கம்னு நெனச்சேன்."

"பாப்பா ராத்திரி தூங்க விடலக்கா, அவ்ளோதான்."

"அத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா? கொயந்த தூங்கறதுக்கு ஜெபம் பண்ணியிருப்பேனே! சரி வுடு. ஜெபக் குறிப்புல ஒன் எடத்துல எங்க மாப்ளய போட்டுக்கறேன். அவன்தான் மெய்யாலுமே வேல இல்லாம சுத்திக்கினு கீறான்."

திங்கட்கிழமை செய்தி ஆசிரியரிடம் வர இயலாது என்றேன். "பிறகு வருத்தப்பட மாட்டியேம்மா?" என்று கேட்டார். "மாட்டேன் சார்." பதில் யோசிக்காமல் வந்ததை நானே கவனித்தேன். போனை வைத்துவிட்டு, மகளைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவினேன்.