ஆறு மணி வரை ஒரு பள்ளிக்கூடம்

போன வாரம் ஒரு காலை நேரம். எதிர் ஃபிளாட் கார்த்திகா காலிங் பெல்லை அழுத்தினாள். முகப்பேரில் எங்கள் அபார்ட்மெண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண். கோயம்புத்தூர்க்காரி. அவளும் கணவனும் ஐ.டி.யில் இருக்கிறார்கள்.

"அக்கா, ஸ்கூல் சைடுல பெரிய ஆளு யாரையாச்சும் தெரியுங்களா? பாப்பாவுக்கு ஒரு சீட் வேணுங்க. சிபாரிசு இல்லாம கஷ்டம்ங்கறாங்க."

எந்த ஸ்கூல் என்று கேட்டேன். முகப்பேரில்தான் தெருவுக்குத் தெரு பிரைவேட் ஸ்கூல் இருக்கிறதே... அதில் ஒன்றைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னதோ, மண்ணூர்பேட்டைப் பக்கம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டி இருக்கும் ஓர் அரசுப் பள்ளியை. (பெயர் வேண்டாமே!)

அரசுப் பள்ளியில் சேர சிபாரிசா? என் காதில் சரியாகத்தான் விழுந்ததா?

உடனே, கல்வித் துறையில் அதிகாரியாக இருந்த என் தோழி மல்லிகாவுக்கு போன் போட்டேன்.

"சிபாரிசெல்லாம் ஒண்ணும் கிடையாது டீ. எல்லாரையும் போல வரிசையில வந்து நிக்கச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள்... அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டு ரொம்ப நாளாகிறது.

கார்த்திகா மறுநாளே போய் வரிசையில் நின்றாள். சீட்டும் கிடைத்துவிட்டது. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது மல்லிகாவைப் பற்றி.

மல்லிகாவின் அப்பா பாரிவாக்கத்தில் விவசாயக் கூலியாக இருந்தவர். வயலில் வேலை குறைந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹெல்பராகச் சேர்ந்து, குடும்பத்தோடு மண்ணூர்பேட்டைக்கு வந்தார். பள்ளியில் நானும் அவளும் ஒரே பெஞ்ச். நான் எழுத வந்தேன். அவள் டீச்சரானாள். பிறகு பதவி உயர்வில், ஒரு வட்டாரத்தின் ஆரம்ப, நடுநிலைப் பள்ளிகளையெல்லாம் கவனிக்கும் அதிகாரியானாள். அப்போது அந்தப் பதவியை ஏ.இ.ஓ. என்பார்கள்.

வேறு ஊர்களும் காலியாக இருந்தன. அவள் கேட்டு வாங்கியது எங்கள் பக்கத்தைத்தான்.

எல்லோரும் தடுத்தார்கள். "சொந்த ஊர்ல ஆபீசரா? தெருவுக்குத் தெரு உனக்கு மாமனும் சித்தப்பனும் இருக்காங்க. யாரு உன்னைப் பாத்து பயப்படுவாங்க?"

"பயப்பட வேணாம். வந்து பேசினாப் போதும்" என்றாள் மல்லிகா.

போய் உட்கார்ந்ததும் மேஜையில் முதலில் வந்த பிரச்னையே, இப்போது கார்த்திகா சீட் கேட்ட அந்தப் பள்ளிதான். பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கண்டெய்னர் லாரிகள் இடைவெளி இல்லாமல் போகும்.

"பசங்கள எப்படியாவது வேன் வெச்சு பிரைவேட்டுக்கு அனுப்பிடுவாங்க டீ. பொண்ணுங்களத்தான் நிறுத்திடுவாங்க" என்றாள். மேலதிகாரிகளிடம் அடுத்த ஜூன் வரை டைம் கேட்டு வாங்கினாள்.

பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள்? ஆசிரியர்களைக் கேட்டாள். இங்கிலீஷ் மோகம் என்றார் ஒருவர். டையும் ஷூவும் வேண்டுமாம் என்றார் இன்னொருவர். அவளுக்குத் திருப்தியில்லை. பெற்றோரையே கேட்டுவிடலாம் என்று, எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் போய் நின்றாள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

பேக்கிங் செக்‌ஷனிலிருந்து வந்த தனம் என்ற பெண் போட்டு உடைத்தாள்.

"இங்கிலீசு கெடக்கட்டும் மேடம். உங்க ஸ்கூலு நாலு மணிக்கே உட்டுருது. எனக்கு ஷிஃப்ட் உட்டு வரவே ஆறாவுது. அதுவரிக்கும் பொட்டப்புள்ள எங்க நிக்கும்? ரோட்லயா? பிரைவேட்ல டியூசன்னு சொல்லி ஒக்கார வெச்சிகினு கீறாங்கோ. அதான் அங்க சேத்துகீறேன்."

அவ்வளவுதான் விஷயம்! திரும்பி வரும்போது மல்லிகா சொன்னாள்: "நாங்க சிலபஸ்ஸைப் பாத்துகினு இருந்தோம். அவங்க கடிகாரத்தைப் பாத்துகினு இருந்தாங்க."

பள்ளியை ஆறு மணி வரை திறந்து வைப்பது என்று முடிவு செய்தாள். சொல்வது சுலபம். "மேடம், உத்தரவு இல்லாம எப்படி? எனக்கும் வீட்ல குழந்தைங்க இருக்கு" என்றார் தலைமை ஆசிரியை. அதுவும் உண்மைதானே?

"நீங்க நாலு மணிக்குக் கிளம்புங்க டீச்சர். சாவியை மட்டும் எங்கிட்ட கொடுத்துட்டுப் போங்க."

மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கினாள். ஆபீஸ் வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு சாயங்காலங்களில் அங்கேயே போய் உட்கார்ந்தாள். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வீட்டுப்பாடம், கதை, கொஞ்சம் விளையாட்டு. கடைசியில் தலைமை ஆசிரியையே தன் பிள்ளைகளையும் அங்கே கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டார்.

ஏப்ரல் கடைசியில் மறுபடியும் தனத்தைப் பார்க்கப் போனோம்.

"பாத்துகினுதான் கீறேன் மேடம். சாயங்காலம் லைட்டு எரியுது. நல்லாத்தான் கீது. ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே... உங்க பொண்ணு எங்க படிக்குது?"

மல்லிகாவின் மகள் யாழினி அப்போது முகப்பேரில் ஒரு பிரைவேட் ஸ்கூலில் ஐந்தாவது முடித்திருந்தாள். வீடு திரும்பிய கையோடு, யாழினியை அந்த அரசுப் பள்ளியிலேயே சேர்க்கப்போவதாகச் சொன்னாள் மல்லிகா.

வீட்டில் வெடித்தது. "உன் வேலைக்கு எம்பொண்ணைப் பணயம் வைப்பியா?" என்று கத்தினார் கணவர். தப்பான கேள்வி என்று சொல்ல முடியுமா?

"நம்ம பொண்ணுக்கு ஆகாத ஸ்கூல், தனத்தோட பொண்ணுக்கு மட்டும் எப்படிங்க ஆகும்?" என்றாள் மல்லிகா.

அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. "ஒரு வருஷம் பாக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். யாழினி அழுது தீர்த்தாள். அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள்.

ஜூனில் யாழினி அங்கே ஆறாவது சேர்ந்தாள். அதே வாரத்தில் தனம் தன் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். "ஆபீசரம்மா பொண்ணே இங்கதான் படிக்குதாம்" என்ற பேச்சு எஸ்டேட் முழுக்கப் பரவியது. பள்ளியை இணைக்கும் யோசனை அதோடு கைவிடப்பட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பேசாமல் இருந்த யாழினி மறுபடி பேச ஆரம்பித்தாள். பேச்சா அது... அத்தனையும் புகார்! தட்டில் சாதம் விழுந்ததும் தொடங்கிவிடுவாள். பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை. முட்டை சரியாக வேகவில்லை. சயின்ஸ் மிஸ் எந்நேரமும் போனில் இருக்கிறார். பாடம் நடத்தாமல் புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்கிறார்...

மறுநாள் மோட்டார் சரியாகும். அதற்கடுத்த நாள் மிஸ்ஸின் போன் கைப்பைக்குள் போகும்.

நம் அதிகாரிகள் எல்லோரும் கல்நெஞ்சர்களா என்ன? இல்லை. புகார் அவர்கள் ஆபீஸ் வரைக்கும் வருகிறது, சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வருவதில்லை - அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வருடம் முடிந்ததும், பழைய ஸ்கூலுக்கே போகிறாயா என்று அப்பா கேட்டார். யாழினி முறைத்தாள். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்க இருக்காங்க. நான் வரலை." தனத்தின் பெண்ணும் அவளும் அதற்குள் இணைபிரியாத தோழிகள்.

பிறகு மல்லிகா மாவட்டக் கல்வி அலுவலரானாள். ஆவடி, பூந்தமல்லி என்று அவள் ஜீப் ஓடிய இடமெல்லாம் சாயங்கால வகுப்புகள் முளைத்தன. எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குள் நுழைவாள், அப்புறம்தான் தலைமை ஆசிரியர் அறை. எல்லாமே வெற்றி என்று சொல்ல மாட்டேன். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியை அவளால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வழியாகப் போனால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சில மாதங்களுக்கு முன் ரிட்டயரானாள். பாராட்டு விழா, மேடை, ஆளுயர மாலை, சால்வை, நீளமான பேச்சு - எல்லாம் முறைப்படி நடந்தது. வீட்டில் கொண்டுபோய் விட ஆபீஸ் வண்டி வந்தது. வழியில், எஸ்டேட் பக்கம் அந்தப் பள்ளிக்கு அருகில் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாளாம். மறுநாள் அவளே என்னிடம் சொன்னாள்.

ஆறு மணி ஆகப்போகிறது. கேட்டுக்கு வெளியே அம்மாக்கள் காத்திருக்கிறார்கள். மல்லிகாவும் ஓரமாக நின்றாள். ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு சின்ன வயசுப் பெண், இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்:

"இன்னாம்மா, பேரப்புள்ளைய இட்டுகினு போவ வந்தியா?"

"ஆமாம்மா" என்றிருக்கிறாள் இவள்.

"பயப்படாத, லேட்டானாலும் ஒண்ணியும் இல்ல. ஆறு மணி வரிக்கும் பத்திரமா பாத்துப்பாங்கோ. இந்த ஸ்கூல்ல எப்பவுமே அப்டித்தான்."

வாங்கிய சால்வைகளெல்லாம் பீரோவுக்குள் போய்விட்டன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மல்லிகா சொல்லிச் சொல்லி மகிழ்வது, யாரென்றே தெரியாத அந்தப் பெண் சொன்ன 'எப்பவுமே அப்டித்தான்' என்பதைத்தான்!